புதன்கிழமை புறப்பட்ட பை

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் வெள்ளத்துரையின் கமிஷன் கடைக்கு ஒரு பேர் உண்டு. மழையில் நனைந்த பூ வந்தால் மூட்டையை அவிழ்க்கும் முன்பே, "இது நனைஞ்ச பூவே, பாத்துக் கேளுங்க" என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் ஏலத்தைத் தொடங்குவார். பூ விளைவித்துக் கொண்டுவந்த சம்சாரி முகம் சுளித்தாலும் கவலைப்பட மாட்டார். நனைந்த பூவைக் காய்ந்த பூவென்று தள்ளிவிடுகிற கை வேறு, அவர் கை வேறு. அப்பேர்ப்பட்ட மனுசன், பெண்டாட்டிக்குச் சர்க்கரை இருக்கிறது என்பதை மட்டும் மறைத்துவிடப் பார்த்தார்.

பெண்டாட்டி பிச்சம்மாள் கனடாவுக்குப் போகிறாள். ஒரே மகள் யோகலட்சுமி அங்கேதான் இருக்கிறாள். கல்யாணமாகி ஆறு வருசம் கழித்து உண்டாகியிருக்கிறாள். பேறுகாலம் பார்க்க அம்மா வேண்டும். கடையைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் போக முடியாது என்பதால் பிச்சம்மாள் மட்டும் போவதாக ஏற்பாடு. மருமகன் அருண்குமார் அங்கிருந்தே டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டான். "இன்சூரன்ஸ் மட்டும் அங்கன நல்லதாப் பாத்து எடுத்திருங்கப்பா. இங்க ரெண்டு நாள் ஆஸ்பத்திரில படுத்தா நம்ம கடையை வித்தாலும் பத்தாது" என்று மகள் சொல்லியிருந்தாள். அதற்காகத்தான் புருசனும் பெண்டாட்டியும் ஒரு திங்கட்கிழமை மத்தியானம் சாம்சன் கடையில் உட்கார்ந்திருந்தார்கள்.

சாம்சன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஆன்லைன் சென்டர் வைத்திருக்கிறான். ஆதார் திருத்துவது, ரயில் டிக்கெட், இன்சூரன்ஸ் எல்லாம் அவனிடம்தான். நாற்பது வயதுக்காரன், பேச்சில் பொறுமைசாலி. வெள்ளத்துரையோடு பேசுவதற்கு அந்தப் பொறுமை தேவைப்பட்டது.

"அண்ணாச்சி, இது மலிவு பாலிசி. புதுசா ஒரு காய்ச்சல் வந்தா, வழுக்கி விழுந்து கால் ஒடிஞ்சா குடுப்பான். பழைய சீக்கால வந்ததுன்னா கையை விரிச்சிருவான். இது ரெண்டாவது. பழைய சீக்கு திடீர்னு முத்தி ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இவன் பாத்துக்கிடுவான். ஆனா என்ன சீக்குன்னு முன்னாலயே சொல்லணும். விலையும் கூட."

"சீக்கு இருக்குன்னு நாமளே எழுதிக் குடுத்தா, அதை வா வான்னு கூப்புடுத மாதிரிலா இருக்கு" என்றார் வெள்ளத்துரை. "அந்த மலிவையே போடு. அவளுக்கு ஒண்ணுங்கிடையாது. நல்லாத்தான் இருக்கா."

"மதினிக்கு சுகர் இல்லையா?"

"ஏலே, சுகர் யாருக்கு இல்லை? அதைச் சொன்னா பிளேன்லயே ஏத்த மாட்டானாம். கேந்திப்பூ யாவாரி சொன்னான்."

"கேந்திப்பூ யாவாரி எந்த ஊருக்கு பிளேன்ல போனாரு?"

வெள்ளத்துரை தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்தார். அதுவரை சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு சும்மா இருந்த பிச்சம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருசத்தில் நாலு பேர் முன்னால் புருசன் பேச்சுக்குக் குறுக்கே பேசியவளில்லை.

"எழுதுப்பா சாம்சன். சுகர் எட்டு வருசமா இருக்கு. காலையில ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. பிரசரும் கொஞ்சம் உண்டு. எல்லாத்தையும் எழுது. நான் எம்மவளுக்கு ஒத்தாசைக்குப் போறேன். அங்க போயி படுத்துக்கிட்டு அவ தலையில பாரத்தை ஏத்தறதுக்குப் போகல."

"ஏட்டி, நான் என்ன சொல்லுதேன்னா..."

"நனைஞ்ச பூவை நனைஞ்ச பூன்னு சொல்லித்தானே விக்கிய. என்னையும் அப்படியே சொல்லி அனுப்புங்க."

வெள்ளத்துரை எழுதச் சொல்லிக் கையைக் காட்டினார். தன் சரக்கையே தன் தராசில் வைத்து நிறுத்துவிட்டாளே என்று அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. சாம்சன் சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டாவது பாலிசியைத் தட்டச்சு செய்தான். தொண்ணூறு நாளுக்கு என்று முடிவானது.

"மதினி என்னைக்கு அண்ணாச்சி புறப்படுதாவ?"

"வார புதன்கிழமை, காலையில" என்றார் வெள்ளத்துரை. பிச்சம்மாளும் ஆமாம் என்று தலையாட்டினாள். டிக்கெட் அவன் எடுத்ததில்லை என்பதால் சாம்சனும் அதையே போட்டுக்கொண்டான்.

அங்கேதான் வினை வந்தது. பிளேன் அந்தப் புதன்கிழமை இல்லை. அதற்கு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. திருவனந்தபுரத்திலிருந்து ஏற வேண்டும், அது நமக்கு மேற்கு. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். முந்தின நாள்களைப் பார்த்தால் அஷ்டமி, நவமி, கரிநாள், பிச்சம்மாளுக்குச் சந்திராஷ்டமம் என்று வரிசையாக நிற்கிறது. ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "புதன்கிழமை காலையில பரஸ்தானம் வச்சிருங்க" என்று முன்னமே சொல்லியிருந்தார். நல்ல நேரத்தில் பயணக்காரரின் பை ஒன்றைப் போகிற திசையில் உள்ள வேறொருத்தர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், ஆளே புறப்பட்டதாகக் கணக்கு. பிறகு எந்தக் கெட்ட நாளில் கிளம்பினாலும், போகிற வழியில் பையை எடுத்துக்கொண்டால் தோஷமில்லை. இதை நம்புகிறவர்களுக்குப் புறப்படும் நாள் என்றால் அது பை போன நாள்தான். இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பஞ்சாங்கம் தெரியாது என்பது அன்றைக்கு இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

புதன்கிழமை காலையில் ஒரு மஞ்சள் துணிப்பையில் சேலை ஒன்று, விரலி மஞ்சள், கோவில் புற்றுமண் பொட்டலம் மூன்றையும் வைத்து, மேற்கே நாலு வீடு தள்ளி இருக்கும் மம்மது வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள் பிச்சம்மாள். மம்மது பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். அவர் மனைவி நஸ்ரின் பானு பையை வாங்கி, அலமாரியின் மேல் தட்டைத் துடைத்து, சுத்தமான துண்டு விரித்து அதன் மேல் வைத்தாள்.

"மைனி, அப்போ நீங்க கனடா போயாச்சி. இனி யாருக்கு நான் கறிக்குழம்பு குடுத்து விட?" என்றாள்.

"போனவளுக்கும் பசிக்கும்லா. குடுத்துவிடு" என்றாள் பிச்சம்மாள்.

அந்த நாள்களில் வீட்டில் ஒரே வேடிக்கைதான். பேறுகால மருந்துக்குச் சுக்கும் மிளகும் திப்பிலியும் காயவைத்து இடிப்பது, புளியங்குடி எலுமிச்சம்பழத்தை உப்பில் ஊறவைப்பது என்று பிச்சம்மாள் உட்கார நேரமில்லாமல் சுற்றினாள். வெள்ளத்துரை கடையிலிருந்து வந்ததும், "போனவ எதுக்குட்டி வெங்காயம் உரிக்க?" என்று கேட்பார். "நான் போயாச்சின்னா இதை யாரு சாப்புடுதா, வைக்கட்டுமா?" என்று அவள் தட்டை எடுப்பாள். ஐப்பசி மழை ஊற்றிக்கொண்டிருந்தது. மார்க்கெட்டில் வருகிற பூவெல்லாம் நனைந்த பூவாகவே வந்தது.

வெள்ளிக்கிழமை கார் வந்து நின்றபோது வாசலில் ஏகப்பட்ட கூட்டம். பெட்டியை எடை பார்த்ததும், ஊறுகாய் பாட்டிலைப் பிளாஸ்டிக் தாளில் நாலு சுற்றுச் சுற்றியதும், பாஸ்போர்ட்டை மூன்று தடவை தொட்டுப் பார்த்ததும்தான் மிச்சம். மம்மது வீட்டு அலமாரியில் இருந்த பையை எல்லாரும் மறந்துபோனார்கள். கார் செங்கோட்டை தாண்டி மலைப்பாதையில் ஏறிய பிறகுதான் நஸ்ரினின் போன் வந்தது. "அண்ணாச்சி, மைனி பையை எடுக்காமப் போயிட்டாவளே" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் சிக்னல் போய்விட்டது. வெள்ளத்துரை காரைத் திருப்பச் சொன்னார்.

"பிளேனு போயிரும்" என்றாள் பிச்சம்மாள். "இருக்கட்டும். திரும்பி வந்து எடுத்துக்கிடுதேன்."

"பையை எடுக்காமப் போனா என்ன அர்த்தம் தெரியுமா?"

"நான் இன்னும் ஊர்லதான் இருக்கேன்னு அர்த்தம். நல்லதுதானே. நேரா நேரத்துக்குச் சாப்புடுங்க."

விமான நிலைய வாசலில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவள் தள்ளுவண்டியோடு மறைகிறவரை நின்று பார்த்துவிட்டு வெள்ளத்துரை காரில் வந்து விழுந்தார். போனில் என்னென்னவோ வந்து கிடந்தது. எதையும் திறந்து பார்க்கிற மனநிலை அவருக்கு இல்லை.

அதன்பிறகு அவர் நஸ்ரின் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டுதான் போனார். பையைத் திரும்ப வாங்கவும் பயம், அங்கேயே விடவும் பயம். ஜோசியரிடம் கேட்டால் என்ன சொல்லிவிடுவாரோ என்று அந்தப் பக்கமே போகவில்லை. கார்த்திகையில் பேத்தி பிறந்தாள். போனில் முகம் காட்டினார்கள். பிச்சிமொட்டு நிறத்தில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். மார்க்கெட் முழுக்கத் தேன்குழல் மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். பிச்சம்மாள் ஜன்னலைத் திறந்து பனியைக் காட்டி, "உப்பளம் மாதிரி கெடக்கு பாருங்க" என்றாள். சந்தோசம் சந்தோசமாகத்தான் இருந்தது. ஆனாலும் படுத்தால் அந்த மஞ்சள் பை கண்ணுக்குள் வந்து நின்றது.

தை மாதப் பனிக்கு மல்லி வரத்து குறைந்து விலை ஏறிக் கிடந்தது. பிச்சம்மாள் திரும்ப இன்னும் சில நாள்களே இருந்தன. ஒரு சனிக்கிழமை காலை, ஏலம் மும்முரமாக நடக்கும்போது யோகலட்சுமியின் போன் வந்தது. அங்கே அப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

"அப்பா, பதறாதீங்க. அம்மா மயங்கி விழுந்துட்டா. இப்போ முழிச்சிட்டா, பேசுதா. ஆஸ்பத்திரில வச்சிருக்கோம். சுகர் ரொம்ப எறங்கிட்டாம். ரெண்டு மூணு நாள் இருக்கணும்னு சொல்லுதாங்க."

வெள்ளத்துரை தராசுத் தட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா, கேக்கியளா? நீங்க அனுப்புன பாலிசியை இப்பதான் பாத்தோம். நாலு நாளைக்கு முன்னாலயே முடிஞ்சிட்டுன்னு போட்டிருக்கு. அம்மா வந்த தேதிக்கு ஒரு வாரத்துக்கு மேல முன்னாலயே ஆரம்பிச்சிருக்காங்க. எப்படிப்பா?"

எப்படி என்று அந்த நிமிசம் அவருக்குப் புரிந்தது. புதன்கிழமை. தன் வாயால்தான் சொன்னார். "நான் பாக்கேன் மக்கா. நீ அம்மாகூட இரு" என்று சொல்லி வைத்தார். ஏலத்தை அப்படியே விட்டுவிட்டு, தோளில் துண்டுகூட இல்லாமல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். நடை பிறகு ஓட்டமானது. கடையை விற்கலாம். அது போகட்டும். "அவ தலையில பாரத்தை ஏத்தறதுக்குப் போகல" என்று பிச்சம்மாள் சொன்னாளே, அது பொய்யாகப் போகிறதே, அதுவும் என்னால் போகிறதே என்பதுதான் அவரை ஓட வைத்தது.

சாம்சன் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கி வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான்.

"சாம்சா, மோசம் போயிட்டேன்லே" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார் வெள்ளத்துரை. மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னார். பரஸ்தானம், புதன்கிழமை, பை, முடிந்துபோன பாலிசி. "நீ தேதி கேட்ட. நான் பை போன தேதியைச் சொல்லிட்டேன். இப்போ அவ அங்கன படுத்துக் கெடக்கா."

சாம்சன் வாளியைக் கீழே வைத்தான்.

"அண்ணாச்சி, அந்தப் பாலிசி இப்போ கிடையாது. அன்னைக்கே மாத்தியாச்சி."

"என்னலே சொல்லுத?"

"உங்க போனைக் கொண்டாங்க."

போனை வாங்கி வாட்சப்பைத் திறந்தான். தன் பெயரைத் தேடி எடுத்து, அதற்குள் விரலால் தள்ளிக்கொண்டே போனான். மார்க்கெட் ஆட்கள் எல்லாருக்கும் போல அவனுக்கும் வெள்ளத்துரை தினம் இரண்டு வேளை பூ விலையும், சாமி படம் போட்ட காலை வணக்கமும் அனுப்பிக்கொண்டிருந்தார். அனுப்புவாரே தவிர, வந்ததைப் பார்க்கிற பழக்கம் கிடையாது. மாதக்கணக்கான காலை வணக்கங்களுக்கு அடியில், யாரும் திறக்காமல் அது கிடந்தது. புது பாலிசி. வெள்ளிக்கிழமையில் தொடங்கி, பிச்சம்மாள் ஊர் திரும்புகிற நாள்வரைக்கும். கூடவே, 'அண்ணாச்சி, இதை யோகாவுக்கு அனுப்பிருங்க' என்று ஒரு வரி.

"உனக்கு எப்படிலே தெரியும்?"

"நஸ்ரின் அக்காதான். மதினி கார் கிளம்புன கொஞ்ச நேரத்துல, நீங்க போனை எடுக்கலைன்னு அந்த மஞ்சப்பையைத் தூக்கிக்கிட்டு இங்கன ஓடி வந்தாவ. 'சாம்சன், வண்டியை எடு, தென்காசிக்குள்ள காரைப் பிடிச்சிருவோம்'ங்காவ. மதினி இன்னைக்கா போறாவன்னு எனக்குத் தலை சுத்திட்டு. அவிய புதன்கிழமையே போயிருப்பாவன்னுலா நான் நினைச்சிருக்கேன். கேட்டா, 'புதன்கிழமை பை போச்சி, இன்னைக்கு ஆளு போறாவ'ன்னு விவரம் சொல்லுதாவ. அக்கா, நீங்க போயி உக்காருங்கன்னு சொல்லிட்டு, மதினி பிளேன் ஏறுததுக்குள்ள கம்பெனிக்காரனைப் பிடிச்சி தேதியை மாத்துனேன். ஏறிட்டாவன்னா மாத்த முடியாது. உங்களுக்கு எத்தனை போன் போட்டேன், மலையில எடுக்கலை. சரி, வாட்சப்ல பாத்துக்கிடுவாருன்னு விட்டுட்டேன். பொறவு ஒருக்கா நேர்ல கேட்டிருக்கணும். அது எம்மேல தப்பு."

"உம்மேல தப்பா?" என்றார் வெள்ளத்துரை. பூ மார்க்கெட்டையே கத்தி மேய்க்கிற மனுசன், பஸ் ஸ்டாண்டுக்கு வருகிற போகிற ஜனம் பார்க்க, சாம்சன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார்.

"உனக்கு நான் என்னலே செய்யப் போறேன்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். வந்ததைத் தெறந்து பாருங்க, அது போதும்" என்றான் சாம்சன். பாலிசியை அப்போதே யோகலட்சுமிக்கு அனுப்பி, அவளோடு பேசி, கம்பெனியின் அவசர நம்பருக்குப் போன் போட்டான். சர்க்கரை உண்டென்று முதலிலேயே எழுதியிருந்ததால் அவர்கள் மறு பேச்சுப் பேசவில்லை. ஆஸ்பத்திரியோடு நாங்களே பேசிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் பிச்சம்மாளே பேசினாள். குரல் தெளிவாக இருந்தது.

"வெள்ளிக்கிழமை விரதம் இருந்தேன். பிள்ளை நல்லபடியா பொறந்தா பத்து வெள்ளி ஒரு பொழுதுன்னு கோமதியம்மனுக்கு நேந்திருந்தேன். மாத்திரையைப் போட்டுட்டு சாப்புடாம இருந்துட்டேன்."

"அறிவு இருக்கா உனக்கு? மாத்திரையைப் போட்டுட்டு பட்டினி கெடப்பாளா ஒருத்தி? அம்மன் உன்கிட்ட கேட்டாளா?" என்று கத்தினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அன்னைக்கு நீ சொன்னதுதான் சரி, பிச்சம்மா. நான் சொன்னபடி மலிவை எடுத்திருந்தா இன்னைக்கு நாம தெருவுலதான் நிக்கணும்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"கேக்கியா?"

"கேட்டுட்டு. இன்னொரு தடவை சொல்லுங்க, கேப்போம்" என்றாள்.

அன்று இருட்டுகிறதற்கு முன்னால் அவர் இரண்டு படி மல்லியைத் தாமரை இலையில் கட்டிக்கொண்டு நஸ்ரின் வீட்டுக்குப் போனார். இத்தனை நாள் குனிந்து கடந்த வாசல். அலமாரியின் மேல் தட்டில் துண்டு விரிப்பின் மேல் பை அப்படியே இருந்தது. தூசி இல்லை.

"வெள்ளிக்கு வெள்ளி தட்டைத் துடைச்சி வைப்பா" என்றார் மம்மது. "பயணத்துல இருக்கவ பையாச்சேம்பா."

"அந்தப் பையை எடுக்காமப் போனது அபசகுனம்னு நான் இத்தனை நாள் உசிரைக் கையில பிடிச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார் வெள்ளத்துரை. "அதை எடுத்துட்டுப் போயிருந்தா நீ சாம்சன்கிட்ட ஓடியிருக்க மாட்ட. நஸ்ரினு, நீ எனக்கு கூடப்பொறக்காத தங்கச்சிம்மா."

"அதுக்கு எதுக்கு அண்ணாச்சி அழுதிய? உக்காருங்க, டீ குடிங்க" என்றாள் அவள். "பையைத் தந்துரட்டுமா?"

"வேண்டாம். அவ வந்து எடுக்கட்டும்."

பிச்சம்மாள் வருகிற நாள் வியாழக்கிழமையாக அமைந்தது. திருவனந்தபுரத்திலிருந்து கார் வரும் வழியில் ஒரு டயர் பஞ்சர். அது முடிந்து, சாப்பிட்டு, ஊருக்குள் நுழையும்போது மணி இரண்டாகப் போகிறது. வெள்ளத்துரைக்கு அப்போதுதான் உறைத்தது. வியாழக்கிழமை ஒன்றரையிலிருந்து மூன்று ராகுகாலம். தெருமுனை வந்ததும், "வண்டியை ஓரமா நிறுத்துப்பா" என்றார் டிரைவரிடம்.

பிச்சம்மாள் இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இரண்டு பிளேன் மாறி வந்த களைப்பு. "ஒரு மணி நேரமா நான் தெருவுல இருக்கணும்?" என்று கேட்டாள். கேட்ட குரலில் கோபமில்லை. அசதி மட்டும் இருந்தது. வெள்ளத்துரை அவளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். செத்துப் பிழைத்து வந்திருப்பவளை வெயிலில் உட்கார வைக்கவும் மனசில்லை, கெட்ட நேரத்தில் வீட்டுக்குள் விடவும் துணிவில்லை. அப்படியே தவித்துக்கொண்டு நின்றார்.

கார் நிற்பதைப் பார்த்துவிட்டு நஸ்ரின் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தெருமுனைக்கே வந்தாள்.

"ஏன் அண்ணாச்சி இங்கன நிக்கிய?"

"ராகுகாலம்மா" என்றார் தலையைக் குனிந்துகொண்டு.

நஸ்ரின் சிரித்தாள். "எனக்குத் தெரியாதா? பஞ்சாங்கம் உங்க வீட்டுல மட்டுந்தான் இருக்கா? காலையிலயே காலண்டரைக் கிழிக்கும்போது பாத்தேன். பத்தே முக்காலுக்கு நல்ல நேரம்னு போட்டிருந்துச்சி. மைனி பையை எடுத்தேன். சாவிதான் எங்கிட்ட இருக்கே. உங்க வீட்டைத் தெறந்து, அடுப்பாங்கரை வரைக்கும் கொண்டுபோயி வச்சிட்டேன்."

பிச்சம்மாள் கார் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள்.

"மைனி காலையிலயே வீட்டுக்கு வந்தாச்சி அண்ணாச்சி" என்றாள் நஸ்ரின், அவள் கையைப் பிடித்துக்கொண்டு. "நீங்க பெட்டியைத் தூக்கிட்டு வாங்க."

இரண்டு பெண்களும் முன்னால் நடந்தார்கள். வெள்ளத்துரை இரண்டு கையிலும் பெட்டியை வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைக்கக் கை இல்லாமல், அவர்களுக்குப் பின்னால் நடந்தார்.